சாலம்மாள் சாப்பிட்டுக் காட்டிய நாள்

எங்கள் ஊரில் உப்பை விலைக்கு வாங்குவது மானக்கேடு. மரக்காணத்தில் கடைத்தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தாலே உப்பளம் தொடங்கிவிடும். அங்கே வெயிலில் வெந்து உப்பு வாருகிறவர்கள் கடையில் வந்து உப்புப் பாக்கெட் கேட்டால் ஊர் சிரிக்காதா? சீசன் முடியும்போது முதலாளிமார் ஆளுக்கு ஒரு மூட்டை கொடுப்பார்கள். வருஷம் முழுக்க வீட்டுக்கு அதுதான். ஆனால் நான் பெட்டிக்கடைக்காரி, எனக்குத் தெரிந்த கதை வேறு. 2005 மழைக்காலத்தில் அளத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, பக்கத்தில் ஆள் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, "அக்கா, அது ஒண்ணு குடு" என்பார்கள். நானும் பேப்பரில் சுற்றி, ஏதோ திருட்டுச் சாமான் போல நீட்டுவேன். என்ன சேதி என்று கேட்டால் மென்று முழுங்குவார்கள்.

கேட்காதவள் சாலம்மாள் ஒருத்திதான். அவளுக்கு வீம்பு அதிகம். புருஷன் செத்த பிறகு தலைச்சுமையிலேயே மகள் சந்தியாவைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தவள். அந்த வருஷம் வைகாசியில்தான் பக்கத்தில் இருக்கிற பிரம்மதேசத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்தில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை அறிவழகன் புதுச்சேரிப் பக்கம் பெரிய முதலியார்சாவடியில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்றில் வேலை பார்த்தார். தங்கமான பையன்தான். நாலு இங்கிலீஷ் வார்த்தை சேர்த்துச் சொன்னால் எதையும் நம்பிவிடுவார், அது ஒன்றுதான் குறை.

கார்த்திகையில் சாலம்மாளுக்கு வயிறு போனது. மழைத் தண்ணீர், எல்லோருக்கும் வருகிறதுதான் என்று விட்டோம். மழை நின்றது, வயிறு நிற்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஓட வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி கடமுடா என்று உருட்டும். தெருவில் எங்கள் யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது, முள்ளுக்காடுதான். அதற்காவது ஒரு மறைவு இருந்தது.

அளத்தில் அதுவும் இல்லை. தையில் வேலை தொடங்கியதும் அவள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றெரிச்சல். பொட்டல் வெளி. புல் முளைக்காத பூமி. உட்கார்ந்தால் கிழக்கே கால்வாயில் போகிறவனுக்குக் கூடத் தெரியும். சவுக்குத் தோப்புக்கு ஓட வேண்டும், போய்ச் சேருவதற்குள் பாதி நாள் புடவை பாழாகிவிடும். கூட வேலை செய்யும் பெண்கள் முதலில் முந்தானையைப் பிடித்து மறைத்தார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது. லாரியில் வந்தவன் ஒருத்தன் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தான். அதை நான் இங்கே எழுத மாட்டேன். மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகும் முன் பச்சைத் தண்ணீர் கூடக் குடிப்பதில்லை. அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உப்புக் கூடை தூக்கினால் என்ன ஆகும்? ரெண்டு தரம் வரப்பில் விழுந்து கிடந்தாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. மெடிக்கலில் மாத்திரை, நாட்டு மருந்துக் கடையில் மாதுளம்பழத் தோல், சர்க்கார் ஆஸ்பத்திரியில் வெள்ளையும் மஞ்சளுமாக மாத்திரைகள். அங்கே இருந்த நர்சம்மா, ஒவ்வொரு தடவை போனதுக்கும் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடி, இல்லாவிட்டால் செத்துப் போவாய் என்று சொல்லியிருந்தாள். சாலம்மாள் சொன்னதை அப்படியே செய்கிற ஜாதி. போய்விட்டு வருவாள், சொம்பு நிறையக் கரைப்பாள், மூச்சு விடாமல் குடிப்பாள்.

பொங்கலுக்கு மகள் வீட்டுக்குச் சீர் கொண்டுபோகக் கூட அவளால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. அறிவழகனே வந்து கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், அவள் பார்த்துப் பார்த்துக் கட்டி வைத்திருந்த ஒரு சின்னச் சாக்கு உப்பு, எல்லாவற்றையும் வண்டியில் வைத்து எடுத்துப் போனார். போகும்போதுதான், சந்தியா முழுகாமல் இருக்கிறாள் என்று வெட்கத்தோடு சொன்னார்.

அன்றிலிருந்து சாலம்மாளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஏழாம் மாசம் வளையல் போட்டு மகளைத் தன் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும், பிள்ளை இங்கேதான் பிறக்க வேண்டும். அதற்குள் வயிறு நிற்க வேண்டும். என் கடை வாசலில் உட்கார்ந்து வேறு எதைப் பேசினாலும் இதில்தான் வந்து முடிப்பாள்.

அறிவழகன் ஒரு வழி கொண்டு வந்தார். அவருடைய விடுதிக்குப் பக்கத்தில் உடம்பைச் சீர் பண்ணுகிற ஒரு இடம் இருந்ததாம். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எங்கோ அனுப்புவார்களாம். எந்தெந்தச் சாப்பாடு இந்த உடம்புக்கு ஆகாது என்று அச்சடித்து வந்துவிடுமாம். செலவு அவருடையது. சாலம்மாள் நேரில் போக வேண்டியிருந்தது, பஸ்ஸில் வயிறு போய்விடக் கூடாது என்று முதல் நாளே பட்டினி கிடந்து போய்வந்தாள்.

பேப்பர் வந்த அன்று அறிவழகன் என் கடையில் வைத்துத்தான் படித்துக் காட்டினார். கலர் கலராகக் கட்டம். சிவப்பில் இருப்பது ஆகாது. அரிசி சிவப்பு. துவரம்பருப்பு சிவப்பு. புளி, மீன், பால், தேங்காய், மிளகாய் எல்லாம் சிவப்பு. பச்சையில் இருந்த சாமான்களில் பாதிக்கு எனக்குப் பேர் தெரியாது, மீதி மரக்காணத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. சாலம்மாள் பிறந்ததிலிருந்து எதை எதைச் சாப்பிட்டாளோ அதையெல்லாம் வரிசையாகச் சிவப்பில் எழுதியிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. அவளுக்கோ அழுகையோடு ஒரு சந்தோஷம். இத்தனை நாள் காரணம் தெரியாமல் தவித்தவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே.

அரிசியை நிறுத்தினாள். மீனை நிறுத்தினாள். பால் விட்ட டீயை நிறுத்தினாள். கேழ்வரகை உப்புப் போட்டுக் காய்ச்சி மூன்று வேளையும் அதையே குடித்தாள். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாததால் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டுக்கொண்டாள். வயிறு நிற்கவில்லை. முன்னைவிட மோசமாயிற்று. நான் எதையோ தெரியாமல் தின்றுவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு கேழ்வரகையும் பாதியாகக் குறைத்தாள். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. கன்னம் ஒட்டி, பல் மட்டும் வெளியே தெரிந்தது. அளத்தில் மேஸ்திரி அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மாசி மாசம் சம்பந்தியம்மா விஜயலட்சுமி அவளைப் பார்க்க வந்தாள். உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்துக்குள் சாலம்மாள் மூன்று தரம் எழுந்து ஓடினாள். மூன்றாம் தரம் திரும்பி வந்தபோது விஜயலட்சுமி கிளம்பி நின்றாள்.

"நீங்களே சொம்பத் தூக்கினு ஓடினுகிறீங்க. எம் மருமவள இன்னான்னு பாப்பீங்க? பிரசவம் எங்க ஊட்டுலயே ஆவட்டும்," என்றாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் சாலம்மாளைக் கொன்றது. அன்று அவள் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நான் செத்துட்டா கூட தேவல. எம் பொண்ணுக்குத் தாய் ஊடு இல்லன்னு ஆயிடுச்சே," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு நாள் காலையில் கதவு திறக்கவில்லை. நாங்கள் தள்ளித் திறந்தபோது கண் மேலே சொருகிக் கிடந்தாள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள், குடலில் பூச்சி இல்லை, கட்டி இல்லை, டிபி இல்லை. கண் விழித்ததும் ஆஸ்பத்திரிச் சோறும் சாம்பாரும் வந்தது. இவள் மாட்டேன் என்று மடியிலிருந்து அந்தக் கலர் பேப்பரை எடுத்து நீட்டினாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பேப்பரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதற்கே அவளைக் கும்பிட வேண்டும். "அம்மா, இது நீங்க வழக்கமா இன்னா சாப்பிடுறீங்கன்னு வேணா காட்டும். எது ஒத்துக்கலைன்னு காட்டாது. அது தெரியணும்னா ஒரு வழிதான். சந்தேகப்பட்டத நிறுத்திப் பாக்கணும், திரும்பச் சாப்பிட்டுப் பாக்கணும். இப்ப சாப்பிடுங்க, நான் இருக்கேன்," என்றாள்.

சாலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, விஷம் குடிக்கிறவள் போலச் சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ரசம், மோர், அவித்த முட்டை. ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் வயிறு குளம் போல அமைதியாக இருந்தது. முகத்தில் களை வந்தது. தேறிவிட்டாள் என்று கூட்டி வந்தேன்.

வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாள் மறுபடி சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அன்று அவள் அழவில்லை. அழுவதற்குக் கூடத் தெம்பு வேண்டுமே. ஆஸ்பத்திரியில் கொடுத்த கரைசல் பாக்கெட் தீர்ந்துபோய், பழையபடி தானே கரைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். ஒரு வாய் குடித்தவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரியில குடுத்தது கசக்கவே இல்ல. இது கசக்குது."

உடம்பு கெட்டால் வாய் கசக்கும் என்று இத்தனை மாசம் நினைத்திருந்திருக்கிறாள். நான் உப்புப் பானையில் கையை விட்டு ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்தேன். கரிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு ஏறியது, துப்பின பிறகும் போகவில்லை. பேப்பரில் சுற்றி நான் விற்ற அத்தனை பாக்கெட்டும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மற்ற பெண்கள் இந்த மூட்டையைக் கருவாட்டுக்குப் போட்டார்கள், தென்னைக்குப் போட்டார்கள். வீட்டுக்கு என்று கமுக்கமாக என்னிடம் வாங்கினார்கள். வாங்குவதும் வெளியில் தெரியக் கூடாது, கொடுத்தது சரியில்லை என்று முதலாளி காதுக்கும் போகக் கூடாது, அதனால் ஒருத்திக்கொருத்தி கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

சாலம்மாள் அளத்து நடப்பை எடுத்துச் சொன்னாள். பாத்தியில் உப்பு விளைந்து வாரின பிறகு அடியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை வெளியே இறைத்துவிட வேண்டும். வாரின உப்பையும் குவித்துப் போட்டு, அதிலிருக்கிற கசப்பு வடிந்த பிறகுதான் வீட்டுக்கு எடுப்பார்கள். சுனாமியில் பழைய குவியலெல்லாம் கரைந்து போனதால், அந்த வருஷம் அவளுடைய முதலாளி நஷ்டத்தை ஈடுகட்டக் கசப்புத் தண்ணீரை இறைக்க விடாமல் அதன் மேலேயே புதுத் தண்ணீரை விடச் சொன்னார். அந்தக் கடைசிப் பாத்தியில் வாரின ஈர உப்பைத்தான் ஆளுக்கு ஒரு மூட்டை கொடுத்தார்கள். அந்தக் கசப்பும் நாட்டு மருந்துக் கடையில் விற்கிற பேதி உப்பும் ஒரே வகைதான் என்று பிறகு அந்தச் சின்ன டாக்டரே சொன்னாள். கஞ்சியில் அது. வயிறு போனதென்று கரைத்துக் குடித்ததிலும் அது. அரிசியையும் மீனையும் பழி சொன்ன பேப்பரில் உப்புக்கு ஒரு கட்டமே கிடையாது.

அன்று சாலம்மாள் என் கடையில் உப்புப் பாக்கெட் வாங்கினாள். பேப்பரில் சுற்ற வேண்டாம் என்று கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெரு வழியே நடந்தாள். ரெண்டு நாளில் வயிறு நின்றது. சித்திரை முழுக்கச் சோறு, மீன் குழம்பு, பால் டீ, எதுவும் பாக்கியில்லை.

வைகாசி பிறந்ததும் மகளை அழைக்கப் புறப்பட்டாள். துணைக்கு நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். பஸ்ஸில் சந்தோஷமாக வருவாள் என்று பார்த்தால் முகம் செத்துப் போயிருந்தது. கேட்டதற்கு மெல்லச் சொன்னாள். பொங்கல் சீரில் ஒரு சாக்கு உப்பு போனதே, பிள்ளைத்தாய்ச்சி அதைத் தின்றிருந்தால்? நினைத்து நினைத்து அவளுக்குத் தூக்கமே இல்லையாம். சம்பந்தி வீட்டில் இதை எந்த வாயால் சொல்வது? சீர் என்று பேதி மருந்தை அனுப்பினேன் என்றா?

பிரம்மதேசத்தில் சந்தியாவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வயிறு மட்டும் முன்னால் நிற்க, கை கால் குச்சியாக இருந்தது. சாலம்மாள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். உப்பேதான் என்று ரெண்டு பேரும் நினைத்தோம்.

வேறு சங்கதி. சந்தியாவுக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்று வந்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வருகிறதுதான். அம்மாவுக்கு இருப்பது மகளுக்கும் இருக்கும் என்று அறிவழகன் அவள் ரத்தத்தையும் அதே இடத்தில் கொடுத்துவிட்டார். வந்த பேப்பரில் அரிசி சிவப்பு, பருப்பு சிவப்பு, பால் சிவப்பு, முட்டை சிவப்பு. ரெண்டு மாசமாக ஜவ்வரிசிக் கஞ்சியும் வேகவைத்த காயும்தான். பிள்ளை வளர்ச்சி பத்தவில்லை என்று கிராம நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வீட்டில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பேப்பரில் இருந்ததை அப்படியே கடைப்பிடித்தார்கள்.

சாலம்மாள் கெஞ்சினாள். எனக்கு நின்றுவிட்டது, நான் எல்லாம் சாப்பிடுகிறேன், அந்தப் பேப்பர் பொய் என்றாள். எதனால் நின்றது என்று கேட்டால் மட்டும், உப்பைச் சொல்ல வாய் வராமல், பேச்சை மாற்றினாள். "அப்பப்ப நிக்கும் அத்தை, திரும்ப வரும். டெஸ்ட்டுல வந்திருக்குதே," என்றார் அறிவழகன். விஜயலட்சுமி மரியாதையாகத்தான் பேசினாள், ஆனால் அசையவில்லை.

சாலம்மாள் கூடத்தில் நட்ட நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சம்பந்தி, எனக்குச் சோறு போடுங்க. அந்தப் பேப்பர்ல சிவப்புல இன்னா இன்னா இருக்குதோ அத்தனையும் போடுங்க. சாப்பிட்டுட்டு இங்கயே உக்காந்திருக்கேன். வெளக்கு வைக்கறதுக்குள்ள நான் எழுந்து கொல்லைக்குப் போனா எம் பொண்ண நான் கேக்க மாட்டேன். போகலைன்னா அவளுக்கு ஒரு வாய் சோறு போடுங்க."

விஜயலட்சுமி இலை போட்டாள். சோறு, பருப்பு, புளிக்குழம்பு, முட்டை, தேங்காய் போட்ட பொரியல், ஒரு டம்ளர் பால். சாலம்மாள் சோற்றில் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வீட்டு அடுப்பில் இருப்பது எந்த உப்பு? எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவளுடைய உப்பாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் போச்சு.

"சம்பந்தி," என்றாள். "கொழம்புல போட்டது நான் பொங்கலுக்கு அனுப்பின உப்பா?"

விஜயலட்சுமியின் முகம் கறுத்தது. சந்தியா தலையைக் குனிந்துகொண்டாள். குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி," என்றாள் விஜயலட்சுமி. "அது ஒரு மாதிரி கசந்துது. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல. கொல்லையில தென்ன மரத்துக்குப் போட்டுட்டோம். இது கடை உப்பு."

தாய் வீட்டுச் சீரை மரத்தடியில் கொட்டினேன் என்று சொன்னால் எந்தச் சம்பந்தியும் இலையை விட்டு எழுந்து போவாள். சாலம்மாள் எச்சில் கையோடு விஜயலட்சுமியைக் கும்பிட்டாள். ஓ என்று அழுதாள். "நல்ல காரியம் பண்ணீங்க, எம் பொண்ண காப்பாத்தினீங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், பாத்தி, கசப்புத் தண்ணீர், கரைத்துக் குடித்தது, ஒன்று விடாமல். கேட்டுக்கொண்டிருந்த அறிவழகன், உப்பினால் இவ்வளவு ஆகுமா என்று சந்தேகமாகத்தான் இழுத்தார்.

"நம்ப வேணாம் மாப்ள. உக்காந்து பாருங்க," என்று சொல்லிவிட்டுச் சாலம்மாள் சாப்பிட ஆரம்பித்தாள். இலை துடைத்தது போல ஆயிற்று.

அந்த மதியம் போன மாதிரி ஒரு மதியம் எனக்குப் போனதில்லை. ஒருவேளை நாங்கள் நினைத்தது தப்பாக இருந்தால்? உப்பாக இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்தால்? நடுவில் அவள் வயிறு ஒரு தரம் சத்தமாகப் புரண்டது. கூடத்தில் அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் நெற்றியில் வியர்வை பொடித்தது. தரையில் ரெண்டு கையையும் ஊன்றிக்கொண்டு எதிரே சுவரைப் பார்த்தபடி இருந்தாள். சந்தியா எழுந்து வந்து அம்மாவின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் வயிறு சத்தம் போடவில்லை.

வெயில் இறங்கியது. மாடுகள் வீடு திரும்பின. விஜயலட்சுமி விளக்கை ஏற்றினாள். ஏற்றிவிட்டு உள்ளே போய், ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டுப் பிசைந்துகொண்டு வந்தாள். முட்டையை உரித்து மேலே வைத்திருந்தாள். சந்தியா முதல் வாய்ச் சோற்றை முழுங்க முடியாமல் வாயில் வைத்துக்கொண்டே அழுதாள். ரெண்டாவது வாயைத் தானே எடுத்துத் தின்றாள். அறிவழகன் சட்டைப் பையிலிருந்த பேப்பரை எடுத்தார், பார்த்தார், என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி மடித்து வைத்துக்கொண்டார்.

மகள் தட்டு காலியாகிற வரைக்கும் சாலம்மாள் அசையவில்லை. அப்புறம்தான் விஜயலட்சுமியைப் பார்த்து, குழந்தை மாதிரி கேட்டாள்.

"இப்ப கொல்லைக்குப் போலாமா சம்பந்தி? மதியத்துலேந்து ஒண்ணுக்குக் கூடப் போகாம அடக்கினு உக்காந்திருக்கேன்."

விஜயலட்சுமி சிரிக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொம்பில் தானே தண்ணீர் மொண்டு, இருட்டிவிட்டது, பார்த்து வாங்க என்று சாலம்மாள் கையைப் பிடித்து, அந்தத் தென்னை மரத்தைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனாள்.